குருசு போடாத கடிதம்

உ

பெரியதோட்டம்
2022 ஆடி (யூலை) 3

அன்புள்ள மகள் கோபிகா அறிய அப்பா எழுதுவது.

வலது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சுகம். நீயும் அம்மாவும் ஆட்டுக்குட்டியும் எப்படி என்று எழுது.

நாரந்தனையில் விட்ட பயணம் மூன்றாம் நாள்தான் முடிந்தது. பஸ்ஸுக்கு டீசல் இல்லை, லொறிக்கு ரயர் இல்லை, எங்களுக்குச் சாப்பாடு இல்லை. கடைசிப் பன்னிரண்டு மைலும் உழவு மெசின் பெட்டியில். கண்ணுக்கெட்டிய தூரம் பப்பாசி. இங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. நாங்கள் போனை விற்றுப்போட்டு வந்தது எவ்வளவு கெட்டித்தனம் என்று இப்போதுதான் விளங்குகிறது. காய் ஏற்றும் லொறிக்காரன் கடிதங்களைத் தபாலில் போடுவான்.

மண்ணெண்ணெய் இல்லாமல் வெங்காயத்தைக் கருக விட்ட கமக்காரன் இங்கே விடிய எழும்பி மற்றவனின் பப்பாசிக்குத் தண்ணீர் மாறுகிறேன். பரவாயில்லை, தண்ணீர் என்னை அடையாளம் கண்டுகொண்டது. என்னோடு வந்த எமிலியானுஸ் மாமாவின் பாடுதான் சிரிப்பு. இருபத்தைந்து வருசம் கடலில் நின்றவன் மண்வெட்டியைத் துடுப்புப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறான். ஒரே கொட்டிலில்தான் இருக்கிறோம். அவன் சமைக்கிறான். நேற்று மீன் இல்லாமலே மீன்குழம்பு வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஓராமீன் வாசம் வருமாம். மூடிப் பார்த்தேன். மூக்கில் மொய்க்க இலையான்தான் வந்தது.

மேரிசுகந்தி மாமிக்கு அவன் சொன்ன கடிதத்தையும் இதே உறைக்குள் வைத்திருக்கிறேன். கொண்டுபோய் வாசித்துக் காட்டு. எழுத்து என்னுடையது, மேலே உள்ள குருசு, அந்தச் சிலுவை அடையாளம் மட்டும் அவன் கை. நான் வழக்கம்போலப் பிள்ளையார் சுழியோடு தொடங்க, பேனையைப் பறித்துவிட்டான். “அண்ணை, பிள்ளையார் சுழியை உங்கட கடிதத்தில வையுங்கோ. என்ர மனுசிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. குருசைத்தான் வாசிப்பாள்” என்றான்.

ஓ.எல். சோதனையை நான் இரண்டு தரம் எடுத்தவன். இரண்டு தரமும் கணக்குப் பாடம் என்னை எடுத்துவிட்டது. நீ ஏ.எல்.லை ஒரே தரத்தில் முடித்துவிடு.

இப்படிக்கு, அப்பா கதிர்காமு.

+

அன்புள்ள சுகந்திக்கு எமிலியானுஸ். அந்தோனியார் காவலில் சுகமாக இருக்கிறேன். வள்ளத்தைக் கவிழ்த்து வைத்த இடத்தில் நிழல் இருக்கிறதா என்று பார். வெயில் பட்டால் பலகை வெடிக்கும், மேலே தென்னோலைக் கிடுகு போடு. நீ நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணை என்னை நன்றாகப் பார்க்கிறார். வேறு என்ன.

*

நாரந்தனை
2022 ஆடி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் நேற்றுத்தான் வந்தது. நானும் அம்மாவும் சுகம். ஆட்டுக்குட்டி உங்களைவிடச் சுகம். நீங்கள் இடுப்பில் உடுக்கிற சாரம் ஒன்றைத் தின்றுவிட்டது.

நீங்கள் விடியத் தண்ணீர் மாறுவதை வாசித்ததும் அம்மா சொன்னா: “இஞ்சை பத்துத் தரம் எழுப்பினாலும் எழும்பாத மனுசன். அங்க ஆர் எழுப்புறது எண்டு கேட்டு எழுது.” கேட்டுவிட்டேன்.

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி முதலில் குருசை உதட்டில் வைத்துக் கொஞ்சினா. பிறகுதான், “இனி வாசி பிள்ளை” என்றா. முடிந்ததும் திரும்பவும் கொஞ்சிப்போட்டு, பைபிளுக்குள் வைத்தா. வள்ளத்துக்குக் கிடுகு போட்டாயிற்று என்று எழுதச் சொன்னா. மண்ணெண்ணெய் வரிசையில் மூன்று நாள் நின்று வெறுங்கலனோடு வந்தவவாம். “வள்ளமும் நானும் ஒரே மாதிரிக் கவிண்டு கிடக்கிறம் எண்டு அவரிட்டைச் சொல்லு” என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா.

நான் இரவில் கரண்ட் இல்லாததால் பகலில் படிக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

அன்பு மகள்,
கோபிகா.

*

உ

பெரியதோட்டம்
2022 ஆவணி 14

என் செல்ல மகளுக்கு,

முழங்கால் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. அம்மாவின் கேள்விக்குப் பதில்: என்னை எழுப்புவது எமிலியானுஸ். வாயில் பாட்டும் கையில் பிளேன்ரீயுமாக நிற்பான். இன்றைக்கு ஊரில் என்ன காற்று என்றும் சொல்வான். இருநூறு மைலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு!

இனி முக்கியமான செய்தி. உன் அப்பா உத்தியோகத்தர் ஆகிவிட்டார். இளவயதில் கொழும்பில் சித்தப்பாவின் கடையில் பருப்பு நிறுத்தபோது பொறுக்கின சிங்களம் இப்போது கை கொடுத்தது. முதலாளி சொல்வதைத் தமிழாக்கிச் சொல்லவும், காலையில் யார் யார் எந்த வேலைக்கு என்று பிரித்து விடவும் என்னைப் போட்டிருக்கிறார். கதிரையும் தந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கதிரை. ஒரு கால் வெடித்ததால் கம்பி சுற்றியிருக்கிறது. நிமிர்ந்து இருந்தால் சரிக்கும். அதனால் பணிவான உத்தியோகத்தனாகவே இருக்கிறேன்.

கதிரையில் இருந்து செய்த முதல் வேலை, எமிலியானுஸைப் பூச்சிமருந்தடிக்கப் போட்டது. அதற்குத்தான் மேலதிகச் சம்பளம். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இருக்கட்டும், கதிரை என்னுடையது. மருந்துதான் பெயர் ஒட்டாத கலனில் வருகிறது. நல்ல மருந்து வாங்க நாட்டில் டொலர் இல்லையாம்.

ஒரு பகிடி கேள். மருந்தடிக்கிறவன் காற்றை முதுகில் வாங்க வேண்டும். இவன் மெசினைத் தோளில் காவிக்கொண்டு காற்றுக்கு நேரே முகத்தைக் கொடுத்து நிற்கிறான். “திரும்படா!” என்று கத்தினேன். “அண்ணை, காத்தை முகத்தில வாங்காட்டி நான் எங்க நிக்கிறன் எண்டே எனக்குத் தெரியாது” என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நனைந்த கோழி மாதிரி அவனும் சிரித்தான்.

அப்பா.

+

அன்புள்ள சுகந்திக்கு, நான் சுகம். மேலதிகச் சம்பளமுள்ள வேலை அண்ணை எடுத்துத் தந்தவர். மார்கழியில் நத்தாருக்கு, பாலன் பிறந்த நாளுக்கு, மண்ணெண்ணெய் கிடைத்தால் வள்ளம் இறக்கலாம். தலையிடி கொஞ்சம், வெயிலாக்கும். வேறு என்ன.

*

நாரந்தனை
2022 புரட்டாதி 11

அன்புள்ள உத்தியோகத்தர் அப்பாவுக்கு,

போன மாதம் அம்மாவுக்கு வந்த கால்வலி இப்போது குறைவு. கதிரைச் செய்தியை வாசிக்க அம்மா சொன்னா: “வீட்டில நாலு கால் கதிரையிலயே நித்திரை தூங்கி விழுகிற மனுசன், கவனமா இருக்கச் சொல்லு.”

நீங்கள் எழுதிய மருந்துப் பகிடிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றுக்கு நேரே நின்றால் மருந்து கண்ணுக்குள்ளும் மூக்குக்குள்ளும் போகாதா? முகத்துக்கு ஏதாவது கொடுக்கிறார்களா?

மாமி ஒன்று கேட்டா. இந்த முறை குருசைக் கொஞ்சிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தா. முன்னைய குருசு பாய்மரம் மாதிரி நேராக இருந்தது. இது நடுங்கி நடுங்கிக் கீறின மாதிரி. “அவருக்குக் கை குளிருதோ? அங்க மலைப்பக்கமோ?” என்று கேட்டா. இல்லை மாமி, வெயில் என்றேன். அவ கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்தா.

அடுத்த கடிதத்தில் மாமாவைப் பற்றிச் சரியாக எழுதுங்கள், அப்பா. பகிடி வேண்டாம்.

கோபிகா.

*

உ

பெரியதோட்டம்
2022 ஐப்பசி 2

அன்பு மகளுக்கு,

சுகம் விசாரித்ததற்குச் சந்தோசம். பகிடி வேண்டாம் என்று எழுதினாய். கதிர்காமுவிடம் பகிடியை எடுத்துவிட்டால் மிச்சம் முழங்கால்தான். என்றாலும் முயற்சி செய்கிறேன்.

எமிலியானுஸுக்குக் கொஞ்ச நாளாகச் சுகமில்லை. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. இருமல். பிளேன்ரீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறான், என்றாலும் பாதி நிலத்துக்குத்தான். மருந்தடியை விடச் சொன்னேன். அதற்குள் முதலாளியின் கண்ணில் பட்டுவிட்டது. வருத்தக்காரனை வைத்திருக்க ஏலாது, வீட்டுக்கு அனுப்பு என்றுவிட்டார்.

பழங்களைப் பெட்டியில் அடுக்கிக் கட்டுகிற கொட்டகை ஒன்று இருக்கிறது. நிழல். இருந்துகொண்டே செய்யலாம். “அண்ணை, என்னை அங்க போடச் சொல்லி ஒருக்காக் கேளுங்கோவன். நத்தார் வரைக்கும்” என்றான். நான் முதலாளியிடம் போய்க் கேட்டேன், பிள்ளை. வடிவாகக் கேட்டேன். ஒரு தரமல்ல, இரண்டு தரம் கேட்டேன். அங்கே இடமில்லை, மாட்டேன் என்றுவிட்டார். என்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று உனக்கு விளங்கும்.

போன செவ்வாய்க்கிழமை லொறியில் ஏற்றிவிட்டேன். சந்தியில் இறங்கி யாழ்ப்பாண பஸ் பிடிப்பான். இந்தக் கடிதம் வருமுன்பே வீட்டில் இருந்து கூழ் குடித்துக்கொண்டிருப்பான். நான் விசாரித்ததாகச் சொல்லு.

குழம்பு இப்போது நான்தான் வைக்கிறேன். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே ருசி.

அப்பா.

*

நாரந்தனை
2022 ஐப்பசி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். எமிலியானுஸ் மாமா வரவில்லை.

கடிதம் வந்து மூன்று நாள். நீங்கள் ஏற்றிவிட்டு இருபது நாளுக்கு மேல். எழுவைதீவில் மாமாவின் தங்கை வீட்டுக்குப் போயிருப்பாரோ என்று படகுக்காரரிடம் விசாரித்தேன். அங்கேயும் இல்லை. மாமியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. “மாமாட்ட இருந்து கடிதம் இல்லையோ பிள்ளை?” என்று வேலிப் படலையில் நின்று கேட்கிறா. தபால் பிந்துது மாமி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டேன்.

கண்ணால் தண்ணீர் ஓடுகிற, கை நடுங்குகிற ஆளைத் தனியவா ஏற்றிவிட்டீர்கள்? சந்தி வரைக்குமாவது கூடப் போக உங்களுக்கு ஒரு நாள் லீவு கிடைக்கவில்லையா?

நான் மாமியிடம் என்ன சொல்ல? உடனே எழுதுங்கள்.

கோபிகா.

*

உ

பெரியதோட்டம்
2022 கார்த்திகை 6

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்த நாள் தொடக்கம் சோறு இறங்கவில்லை. மற்றபடி சுகம்.

லொறிக்காரனைப் பிடித்துக் கேட்டேன். சந்தியில் இறக்கிவிட்டானாம், பை ஒன்றோடு இவன் மரத்தடியில் இருந்தானாம். அவ்வளவுதான். எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரனுக்குச் சந்திக்குப் போய் போன் எடுத்தேன். ஆள் விலகினால் தன் பொறுப்பில்லை என்று வைத்துவிட்டான். லொறிப் பாதையில் உள்ள பொலிசில் ஒருவரும் அப்படி ஆளைக் காணவில்லையாம். இன்னும் தேடுகிறேன். கிடைப்பான். கடலில் மூன்று நாள் தொலைந்து கிடந்து திரும்பி வந்தவன்.

அதுவரைக்கும் மாமியைக் கலங்க விடக்கூடாது. அவனுடைய பெயரில் ஒரு கடிதம் எழுதி இதனுள் வைத்திருக்கிறேன். பிழைதான். வேறு வழி உன் அப்பாவின் மண்டைக்கு எட்டவில்லை. நீ வழக்கம்போல வாசித்துக் காட்டு. முகத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள். உனக்குப் பொய் சொல்ல வராது. அது அம்மாவின் பக்கம்.

இங்கே என்னோடு சாப்பிட ஒருவரும் வருவதில்லை. கதிரைக்காரனோடு யார் இருப்பது?

அப்பா.

உ

அன்புள்ள சுகந்திக்கு எமிலியானுஸ். அந்தோனியார் காவலில் சுகமாக இருக்கிறேன். கை குளிர்வதில்லை. தலையிடியும் இப்போது இல்லை. வேலை கூடினதால் கடிதம் பிந்திவிட்டது. வள்ளத்தைப் பார்த்துக்கொள். நத்தாருக்குக் கட்டாயம் வருவேன். வேறு என்ன.

*

நாரந்தனை
2022 கார்த்திகை 25

அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மா சுகம். மாமியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி கொண்டுபோனேன். மாமி குசினிக்குள் நின்றவ. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தா. நான் பயத்தில் கடிதத்தைக் கொடுக்காமல் உடனே வாசிக்கத் தொடங்கிவிட்டேன். நத்தாருக்குக் கட்டாயம் வருவேன் என்ற இடத்தில் மாமி கண்ணை மூடிக்கொண்டா.

முடிய, “அவசரக்காரி, நான் குருசைக் கொஞ்ச முந்தி வாசிச்சுப்போட்டாய். தா பிள்ளை” என்று கையை நீட்டினா.

கொடுத்துவிட்டேன். அவ வாயருகே கொண்டுபோன பிறகுதான் எனக்குக் கண்ணில் பட்டது. அப்பா, நீங்கள் குருசு போடவில்லை. உங்கள் கடிதத்துக்குப் போடுவதுபோலப் பிள்ளையார் சுழி போட்டிருந்தீர்கள்.

மாமி கொஞ்சவில்லை. கடிதத்தை அப்படியே முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றா. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவ திரும்பவில்லை, நான்தான் போய் இறக்கினேன். பிறகு என்னிடம் கேட்டா: “அவர் பக்கத்தில இல்லையோ?”

நான் அழுதுவிட்டேன். அதுதான் பதில்.

மாமி கடிதத்தை நாலாக மடித்து என் கையில் வைத்தா. “இது கொப்பாவின்ர கடிதம். கொண்டுபோ” என்றா. ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று பின்னேரமே கறுப்புச் சேலை உடுத்திக் கோயிலுக்குப் போனவவாம்.

நான் இனிமேல் உங்களுக்காகப் பொய் வாசிக்கமாட்டேன்.

கோபிகா.

*

நாரந்தனை
2022 மார்கழி 17

அப்பாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. லொறி ஓடாமல் நிற்கிறதா, நீங்கள்தான் எழுதாமல் இருக்கிறீர்களா?

மாமியின் கோயில் சுவாமியார் மாமாவைத் தேடி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் எழுதிப்போட்டிருக்கிறார். நத்தார் வருகிறது, மாமி வாசலில் நட்சத்திர வெள்ளிக்கூடு கட்டவில்லை. வள்ளத்துக்கு மேலே கிடந்த கிடுகைக் காற்றுத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவ திரும்பப் போடவில்லை. நானும் அம்மாவும் போய்ப் போட்டோம்.

உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

கோபிகா.

*

+

நாரந்தனை
2022 மார்கழி 29

கதிர்காமு அண்ணைக்கு எமிலியானுஸ்.

உயிரோட இருக்கிறன். நத்தாருக்கு அடுத்த நாள் மத்தியானம் வந்து சேந்தனான். நான் சொல்லச் சொல்ல உங்கட மோள் எழுதுறாள். ஒரு சொல்லும் மாத்தக்கூடாது எண்டு சொல்லியிருக்கிறன். குருசு நான் போட்டது. பாருங்கோ, நண்டு ஓடின மாதிரிக் கிடக்கு.

சந்தியில பஸ்ஸுக்கு நிக்கேக்குள்ள விழுந்திட்டன். ஆரோ சிங்களப் பெடியள் ஆஸ்பத்திரியில சேத்தவை. அங்க நல்லாப் பாத்தவை. ஊர் கேட்டவை, நான் சொல்லேல்லை. இடது கண் பார்வை போயிட்டுது. கை நடுக்கம் நிக்கேல்லை. இந்தக் கோலத்தில ஆர் வள்ளம் இறக்கிறது? சுகந்திக்குப் பாரமாப் போறதிலும் போகாமல் விடுறது நல்லம் எண்டு கிடந்தனான். சுவாமியாரின்ர கடிதம்தான் பிடிச்சது. வந்து படலையில நிக்க, சுகந்தி கறுப்புச் சேலையோட வந்தாள். என்ர செத்தவீட்டுக்கு நானே வந்த மாதிரி இருந்தது. அதுக்குப் பிறகு அவள் ஏசின ஏச்சை எழுத இந்தத் தாள் காணாது.

இப்ப இதைக் கேளுங்கோ அண்ணை. எனக்குச் சிங்களம் தெரியும். மீன் ஏத்த வாற தெற்கத்தி லொறிக்காரரோட பதினைஞ்சு வருசம் பேரம் பேசினனான். தோட்டத்தில நான் அதைச் சொல்லேல்லை. அந்தக் கதிரையில நீங்கள் சந்தோசமா இருந்தனீங்கள். நான் ஏன் குறுக்க வருவான்?

அண்டைக்கு நீங்கள் எனக்காகக் கேக்கப் போகேக்குள்ள, நான் பின்பக்கம் பெட்டியளுக்குப் பக்கத்தில குந்தியிருந்தனான். முதலாளி, “அந்த வருத்தக்காரன் போயிட்டானோ?” எண்டு கேட்டார். நீங்கள், “இண்டைக்குப் போறான் மாத்தயா” எண்டனீங்கள். பிறகு அவரே சொன்னவர், பெட்டி கட்டுற இடத்தில ஒரு ஆள் குறையுது, ஆரும் இருந்தா அனுப்பு எண்டு. “பாப்பம் மாத்தயா” எண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்கள். வந்து என்னட்ட, “இரண்டு தரம் கேட்டனான்ரா, மாட்டன் எண்டிட்டார்” எண்டனீங்கள்.

ஏன் எண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில கிடந்து யோசிச்சனான். கொட்டகைக்குள்ள நான் இருந்தா ஒவ்வொரு நாளும் முதலாளியின்ர கண்ணில படுவன். இவனை மருந்தடிக்கப் போட்டது ஆர் எண்டு ஒரு நாளைக்குக் கேப்பார். அவ்வளவுதானே?

கோவமில்லை எண்டு எழுதச் சொல்லிச் சுகந்தி பக்கத்தில இருந்து சொல்லுறாள். கோவம் இருக்கு. ஆனா மூண்டு மாசம் உங்களோட ஒரு சட்டியில சாப்பிட்டனான். பொங்கலுக்கு வாங்கோ. முகத்துக்கு நேர ஏச என்னட்ட ஒரு ஏச்சுக் கிடக்கு. கடிதத்தில அதை எழுதேலாது, எழுதுறது உங்கட பிள்ளை. வாங்கோ, ஏசிப்போட்டுப் பிறகு கூழ் குடிப்பம். இஞ்சை தோட்டத்துக் கதை என்னோட கதைக்க ஆள் இல்லை.

வேறென்ன.

எமிலியானுஸ்.

(மாமா சொன்னபடியே எழுதியிருக்கிறேன். – கோபிகா)

*

பெரியதோட்டம்
2023 தை (சனவரி) 9

அன்பு மகள் கோபிகாவுக்கு,

நான் சுகம். முழங்காலும் சுகம். அம்மாவின் கால்வலிக்கு எண்ணெய் வாங்கி லொறிக்காரனிடம் கொடுத்திருக்கிறேன். நீ படிப்பைக் கவனி.

எமிலியானுஸ் மாமாவின் கடிதம் கிடைத்தது என்று சொல்லு.

பொங்கலுக்கு வர ஏலாமல் கிடக்கு, பிள்ளை. பப்பாசி பிடுங்குகிற காலம். முதலாளியிடம் லீவு கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு தரம் கேட்டேன்.

அப்பா.